நிழலும் நோவும்

சில மாதங்களுக்கு முன் எம்முடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பெரியதொரு கடித உறையைக் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசைமீது வைத்தார். அதனுள்ளே அவருடைய முள்ளந்தண்டின் எம். ஆர். ஐ. படங்களும் அரைப்பக்க அறிக்கையொன்றும் இருந்தன. ஈராண்டுகளாக நாரிநோவினால் வருந்துபவர் அவர். "தட்டு ரெண்டு தேஞ்சு பிதுங்கிப் போச்சாம். படத்திலை தெரியுது. இனி வெட்டுறதைத் தவிர வேறை வழியில்லைத்தானே?" என்று எம்மிடம் கேட்டார். தமிழ் படித்தவரிடம் கேட்கும் கேள்வியன்று அது. ஆயினும் வலியால் வருந்துபவர் கேட்பாரிடமெல்லாம் கேட்பது இயல்பே.

'படத்தில் தெரிகிறது' என்னும் தொடரில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்டதொரு வரலாறு அடங்கியுள்ளது. கண்ணுக்குப் புலப்படாத உடலின் உட்புறத்தைக் கண்முன் கொண்டுவந்த பெருவெற்றியின் வரலாறு அது. அவ்வெற்றியை அளவுகடந்து நம்பியதனால் நேர்ந்த தவறுகளின் வரலாறும் அதுவே. நாம் வைத்திய நூல் கற்றவர்கள் அல்லர். எனினும் விஞ்ஞானம் எவ்வாறு வளர்கிறது, எங்கே வழுவுகிறது, அவ்வழுவினால் நலம்பெறுவோர் யாவர் என்னும் வினாக்கள் வைத்தியர்களுக்கு மட்டும் உரியன அல்ல. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் நாரிநோவினால் துன்புற்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களிற் பெரும்பாலோர் உழைத்து வாழ்பவர்கள். ஆகவே இவ்வரலாறு நம் எல்லோருக்கும் உரியது.

நாரிநோ மனிதகுலத்தின் பழைய துணை. கி. மு. 1600 அளவில் எகிப்தில் எழுதப்பெற்று, இன்று எட்வின் சிமித் பாப்பிரசு என வழங்கும் சத்திரவைத்தியச் சுவடியிலே 48 நோயாளரின் நிலைமைகள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இறுதியானது முள்ளென்புச் சுளுக்குப் பற்றியது. எழுதியவர் கை இடையிலே நின்றுவிட்டமையால் அவ்வாக்கியம் முற்றுப்பெறவில்லை. வலி பழையதாயினும் அதனைப் பற்றிய வழக்கு புதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே புகைவண்டிகள் ஓடத் தொடங்கியபோது விபத்துக்களும் பெருகின. விபத்துக்குள்ளான பலர் முதுகுவலியால் வருந்தினர், நட்டஈடு கோரினர். அவர்களுடைய உடலில் வெளிப்படையான காயமெதுவும் காணப்படவில்லை. 1866இல் லண்டன் சத்திரவைத்தியர் எரிக்சன் இத்தகைய நோயாளரைப் பற்றி நூலெழுதினார். 'புகைவண்டி முள்ளந்தண்டு' என்ற பெயரும் வழக்கில் வந்தது. வலி உண்மையா, பொய்யா என்று நீதிமன்றங்களிலே சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் வாதிட்டனர். கண்ணாற் காணமுடியாத வலியை முதலாளியும் நம்பமாட்டார், நீதிபதியும் நம்பமாட்டார். 'காட்டு' என்ற கட்டளை நோயாளிமீது விழுந்தது. இதனை நாம் மனத்திற்கொண்டு மேலே செல்லல் வேண்டும்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரிலே வில்ஹெல்ம் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே பல நாட்டு வைத்தியர்கள் அவற்றைப் பயன்படுத்தலாயினர். அக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற றொன்ட்ஜன் மறுத்துவிட்டார். 1901இல் தமக்குக் கிடைத்த பௌதிகத்துக்கான முதலாவது நோபல் பரிசுப் பணத்தையும் தமது பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். விஞ்ஞானம் மக்கள் உடைமை என்ற கருத்து அவரது செயலிலே விளங்கியது. பின்னால் நாம் காணப்போகும் நிகழ்ச்சிகளோடு ஒப்புநோக்குதற்காகவே இதனை இங்கு குறிப்பிடுகின்றோம்.

எக்ஸ் கதிர் என்பைக் காட்டியது. என்புகளுக்கிடையிலே மெத்தைபோல் அமைந்து, இன்று வைத்தியரும் நோயாளரும் 'டிஸ்க்' என்று வழங்கும் இடைத்தட்டையோ, அதன் பின்னே செல்லும் நரம்புகளையோ அது காட்டவில்லை. அவற்றின் நிழலைப் பெறுதற்கு வேறு வழி தேடினர். 1919 அளவில் அமெரிக்கச் சத்திரவைத்தியர் வால்டர் டான்டி மூளையைச் சூழ்ந்த நீர்வெளியிலே காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். 1921–22இல் பாரிசிலே சிக்கார், பொறெஸ்ரியே என்னும் இருவர் கசகசா எண்ணெயில் அயடீனைச் சேர்த்துச் செய்த லிப்பியடோலை முள்ளந்தண்டுக் கால்வாயினுள் செலுத்தினர். எக்ஸ் கதிரை மறிக்கும் அவ்வெண்ணெய் எவ்விடத்தில் தடைப்படுகிறதோ அவ்விடத்தில் ஏதோ அழுத்துகிறது என்பது புலனாயிற்று. ஆயின் எண்ணெய் உடலிலேயே தங்கி, நரம்புகளைப் போர்த்த மென்சவ்வுகளை உறுத்தியது. பின்னர் 1940களில் வந்த வேறொரு எண்ணெய்த் திரவமும் சிலருக்குத் தீராத அழற்சியை உண்டாக்கியது. படம் எடுப்பதும் ஒரு செயலே. அதற்கும் விலையுண்டு என்பதை அந்நோயாளர் தம் உடலால் அறிந்தனர்.

1909இல் பேர்லினிலே ஒப்பன்ஹைமும் கிறவுசும் முள்ளந்தண்டுக் கால்வாயிலிருந்து ஒரு திரளை அகற்றியமை பற்றி எழுதினர். அதனைக் குருத்தென்புக் கட்டி என்றே அவர்கள் கருதினர். 1929இல் டான்டி இத்தகைய இருவரை விவரித்து, அகற்றப்பட்டது இடைத்தட்டிலிருந்து கழன்ற துண்டு என்றார். அதே காலத்தில் டிறெஸ்டென் நகர நோயியல் அறிஞர் ஷ்மோர்ல் ஆயிரக்கணக்கான பிரேதங்களின் முள்ளந்தண்டுகளை ஆராய்ந்து, வயதோடு இடைத்தட்டுகளில் ஏற்படும் மாற்றங்களை விரிவாக எழுதினார். பொஸ்ரன் நகர மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையிலே மிக்ஸ்ரர், பார் என்னும் இருவரும் கட்டிகள் என்று பெயரிட்டுச் சேமித்து வைக்கப்பட்டிருந்த மாதிரிகளை மீண்டும் எடுத்துப் பார்த்தனர். அவற்றுட் பெரும்பாலானவை கட்டிகளே அல்ல; இடைத்தட்டுத் துண்டுகள். 1934 ஓகஸ்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை வைத்திய உலகையே திருப்பியது. காலுக்கு இறங்கும் கடும் நரம்புவலிக்குப் பிதுங்கிய இடைத்தட்டு காரணமாகலாம், அதனைப் படத்திற் காணலாம், வெட்டி எடுக்கலாம், நோயாளி எழுந்து நடக்கலாம். இஃது உண்மையான வெற்றி. அழுத்தப்படும் நரம்பு, அந்நரம்பு செல்லும் வழியிலே வலி, அதே இடத்தைக் காட்டும் படம் என்னும் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்போது கத்தி தன் இலக்கை அறிந்து செல்கிறது.

இவ்வெற்றிக்கும் எல்லை உண்டு. 1983இல் நோர்வே நாட்டு வைத்தியர் வேபர், இடைத்தட்டுப் பிதுங்கலினால் வருந்திய 126 பேரைக் குலுக்கல் முறையிலே பிரித்து, ஒரு சாராருக்குச் சத்திரசிகிச்சையும் மறுசாராருக்கு ஏனைய பராமரிப்பும் அளித்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டார். ஓராண்டு முடிவில் சத்திரசிகிச்சை பெற்றோரே மேலான நிலையில் இருந்தனர். நான்காண்டுகளில் அவ்வேறுபாடு சுருங்கிற்று, பத்தாண்டுகளில் மறைந்தது. விரைவில் வலி தீர்வதும் பெறுமதியுடையதே. எனினும் பிதுங்கல் பலருக்குத் தானே அடங்கக்கூடியது என்பதும் தெரியவந்தது.

தவறு நேர்ந்த இடம் வேறு. கால்வலிக்குக் கிடைத்த விளக்கம், எவ்வித நரம்பழுத்தமும் இல்லாத நாட்பட்ட நாரிநோவுக்கும் நீட்டப்பட்டது. இடைத்தட்டுப் பிதுங்கினால் கால்வலி வரும் என்பது ஒரு கூற்று. நாரி வலித்தால் இடைத்தட்டே காரணம் என்பது முற்றிலும் வேறான கூற்று. முன்னதிலிருந்து பின்னதைப் பெறமுடியாது என்பதைத் தருக்கம் கற்கும் மாணவரும் அறிவர். ஆயினும் வலிக்கு ஓர் இடமும் ஒரு பெயரும் வேண்டி நின்ற காலம் அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை.

இதற்கான சத்திரசிகிச்சை ஏலவே கைவசம் இருந்தது. 1911இல் நியூயோர்க்கிலே ஹிப்ஸ், அல்பீ என்னும் இருவர் தனித்தனியே, முள்ளென்புகளை ஒன்றோடொன்று பிணைத்து வளரச்செய்யும் முறையை வெளியிட்டனர். அது முள்ளந்தண்டைத் தின்னும் காசநோய்க்காக ஏற்பட்ட முறை. சரிந்து விழும் என்பைத் தாங்கி நிறுத்துவதே அதன் நோக்கம். அம்முறையே பிற்காலத்தில், 'தேய்ந்த தட்டு அசைவதாற்றான் வலிக்கிறது. அசைவை நிறுத்தினால் வலியும் நிற்கும்' என்ற எண்ணத்தோடு நாரிநோவுக்கும் கையாளப்பட்டது. 1963 முதல் பாரிசிலே றோய் கமில் என்பார் முள்ளென்பினுள்ளே திருகாணிகளைச் செலுத்திப் பிணைக்கும் முறையைப் பயன்படுத்தலானார். பின்னர் அத்திருகாணிகள் உலகெங்கும் பரவின.

எந்தத் தட்டைப் பிணைப்பது? அதற்கும் படமே வழிகாட்ட வேண்டும். 1948இல் சுவீடனிலே லின்ட்புளோம் இடைத்தட்டினுள் ஊசியேற்றி, நிழல்தரும் திரவத்தைச் செலுத்தி, அதன் உருவத்தைப் படமெடுத்தார். திரவம் செல்லும்போது நோயாளிக்கு வழக்கமான வலி தோன்றினால் அத்தட்டே குற்றவாளி என்று தீர்மானித்தனர். 1968இல் ஹோல்ற் என்னும் அமெரிக்க வைத்தியர் இச்சோதனையை நாரிநோவே இல்லாதவர்களிடம் செய்து பார்த்தார். நூற்றுக்கு 37 என்ற அளவிலே தவறான முடிவு கிடைத்தது. ஊசியேற்றப்பட்ட அவர்கள் யார்? சிறைக்கைதிகள். அவர்கள் தாமாகவே உடன்பட்டனர் எனப்பட்டது. சிறைக்கம்பிகளின் பின்னால் உள்ளவனுடைய உடன்பாடு எத்தகையது என்று வாசகர்களே சிந்திக்கட்டும். சத்திரசிகிச்சைக்கு அடிப்படையான சோதனையொன்று பிழைபடும் என்ற அறிவையும் சமுதாயம் தன் விளிம்பிலே தள்ளப்பட்டவனின் முதுகிலிருந்தே பெற்றுக்கொண்டது.

அடுத்து வந்தவை பெருங் கருவிகள். 1971இல் லண்டனிலே ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த சி. ரி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1973இல் லோற்றர்பர் காந்தப்புலத்தினால் உருவம் பெறும் வழியைக் காட்டினார். 1977இல் மனித உடலின் முதலாவது எம். ஆர். ஐ. படங்கள் பெறப்பட்டன. கதிரும் எண்ணெயும் ஊசியுமின்றி இடைத்தட்டை அதன் ஈரப்பதத்தோடு காணும் வாய்ப்பு மனிதனுக்குக் கிட்டியது. நோயாளிகள் நன்மையடைந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் முன்னர் மங்கலாக இருந்த தவறு இப்பொழுது மிகத் தெளிவாகத் தெரியலாயிற்று!

ஏனெனில் ஒரு சில ஆராய்ச்சியாளர் எளிய கேள்வியொன்றைக் கேட்டனர். வலி இல்லாதவனின் படம் எப்படியிருக்கும்? 1968இலேயே ஹிற்சல்பேகர், விற்றன் இருவரும் செவிநரம்புக் கட்டி உண்டோ என அறியத் திரவம் செலுத்தப்பட்ட 300 பேரின் முள்ளந்தண்டையும் பார்த்தனர். முதுகு நோவு அறியாத அவர்களுள் நூற்றுக்கு 37 பேரின் படங்களிற் குறைபாடு காணப்பட்டது. 1984இல் வீசல் குழுவினர் சி. ரி. கொண்டு நடத்திய ஆய்வில் நோவற்றோருள் நூற்றுக்கு 35 அளவினரின் படம் இயல்புக்கு மாறாக இருந்தது. 1994இல் ஜென்சன் குழுவினர் நாரிநோ இல்லாத 98 பேரை எம். ஆர். ஐ. மூலம் ஆராய்ந்தனர். நூற்றுக்கு 52 பேருக்கு ஒரு தட்டேனும் புடைத்திருந்தது. 27 பேருக்குத் துருத்தியிருந்தது. எல்லாத் தட்டுகளும் இயல்பாக இருந்தோர் 36 பேர் மட்டுமே. 2015இல் வலியற்ற 3,110 பேரைப் பற்றிய 33 ஆய்வுகள் ஒன்றுசேர்த்து நோக்கப்பட்டன. இருபது வயதினருள்ளும் நூற்றுக்கு 37 பேரின் தட்டுகள் தேய்வுற்றிருந்தன. எண்பது வயதினருள் 96 பேருக்கு அவ்வாறிருந்தது.

இதன் பொருளை வகுப்பறையில் விளக்குவதாயின் இவ்வாறு கூறலாம். அறுபது வயதான தலைவலிக்காரர் நூறு பேரை நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலோருக்குத் தலை நரைத்திருக்கும். அதுகொண்டு நரையே தலைவலிக்குக் காரணம் என்று சொல்லுவோமா? தலைவலியில்லாத நூறு பேரையும் அருகே நிறுத்தி எண்ணிய பின்னரன்றோ சொல்லல் வேண்டும்! நாரிநோவின் விடயத்தில் அருகே நிறுத்தி எண்ணும் வேலை மிகப் பிந்தியே நிகழ்ந்தது. வலியுள்ளவர்களிடம் சில மாற்றங்கள் சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதும் உண்மையே. ஆனால் தனியொரு நோயாளியின் படத்தைப் பார்த்து, 'இதுவே இவனுடைய வலியின் ஊற்று' என்று விரல்வைக்க அது போதாது.

சத்திரசிகிச்சையின் பயனைப் பற்றிய சோதனைகளும் பிந்தியே வந்தன. 2001இல் சுவீடனிலே 294 நோயாளரைக் கொண்டு நடந்த சோதனையில், ஈராண்டு முடிவிலே பிணைப்புச் சிகிச்சை பெற்றோரின் நாரிவலி நூற்றுக்கு 33 அளவாலும் மற்றையோரின் வலி 7 அளவாலும் குறைந்தன. சத்திரவைத்தியர்கள் மகிழ்ந்தனர். எனினும் மறுசாரார் பெற்றது முன்னரே பயனளிக்காத வழக்கமான சிகிச்சையே. 2003இல் நோர்வேயிலே 64 பேரிடம் நடந்த சோதனையிலும், 2005இல் பிரித்தானியாவில் 349 பேரிடம் நடந்த சோதனையிலும் மறுசாராருக்குத் திட்டமிட்ட உடற்பயிற்சியும், 'அசைந்தால் முதுகு முறிந்துவிடாது' என்ற தெளிவும் அளிக்கப்பட்டன. நோர்வேயில் வேறுபாடே காணப்படவில்லை. பிரித்தானியாவில் காணப்பட்ட சிறு வேறுபாடு கத்தியின் ஆபத்தையும் செலவையும் நியாயப்படுத்தப் போதியதாக இருக்கவில்லை.

'நோயாளரைச் சரிவரத் தெரிந்தெடுத்தாற் பலன் கிடைக்கும்' என்றனர் சிலர். நியாயமான வாதமே. ஆனால் தெரிந்தெடுப்பதற்குரிய கருவி எங்கே? 2006இல் கராஜி குழுவினர், ஊசிச் சோதனையினால் ஒற்றைத் தட்டே குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டோரையும், முள்ளென்பு நழுவியமை திட்டவட்டமாகத் தெரிந்தோரையும் ஒரே வகையிற் பிணைத்து ஒப்பிட்டனர். பின்னவர்களுள் நூற்றுக்கு 72 பேர் மிக நல்ல பயன் பெற்றனர். முன்னவர்களுள் 27 பேரே பெற்றனர். 2013இல் வெளியான மீளாய்வொன்று எம். ஆர். ஐ. உட்பட அதுவரை வழங்கிய சோதனைகளை எடைபோட்டு, நாட்பட்ட நாரிநோவிலே பிணைப்பினால் யார் பயன்பெறுவர் என முன்னறிந்து கூற எதனையும் நம்பமுடியாது என்ற முடிவுக்கு வந்தது. 2016இல் பிரித்தானியத் தேசிய வழிகாட்டி, ஆராய்ச்சிச் சோதனையின் பகுதியாக அன்றி நாரிநோவுக்குப் பிணைப்புச் சிகிச்சை அளிக்கலாகாது என்றே விதித்தது.

அறிவு இவ்வாறு ஒரு திசையிற் செல்ல, நடைமுறை எத்திசையிற் சென்றது? ஐக்கிய அமெரிக்காவிலே 1990க்கும் 2001க்கும் இடையில் நாரிமுள்ளெலும்புப் பிணைப்புச் சிகிச்சைகள் நூற்றுக்கு 220 வீதம் அதிகரித்தன. ஸ்கான் மிகுந்த பிரதேசங்களிலே கத்தியும் மிகுந்திருந்தது என்பதை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. தற்செயலாக நேர்ந்ததன்று இது. ஒவ்வொரு ஸ்கானும் ஒரு விற்பனை; ஒவ்வொரு திருகாணியும் ஒரு விற்பனை. 1994 டிசம்பரில் அந்நாட்டு அரசின் சுகாதார ஆராய்ச்சி நிறுவனமொன்று நாரிநோ பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. புதிதாகத் தோன்றிய நோவுக்கு முதல் மூன்று மாதங்களில், முறிவு முதலிய காரணங்கள் இல்லாதவிடத்து, பிணைப்பு வேண்டியதில்லை என்று அது கூறியது. அவ்வளவுதான் கூறியது. உடனே முள்ளந்தண்டுச் சத்திரவைத்தியர்களிற் சிலர் அந்நிறுவனத்துக்கு எதிராகக் கிளம்பினர். திருகாணிக் கம்பனியொன்று வழிகாட்டியைத் தடுக்க நீதிமன்றம் சென்றது. 1995இல் பிரதிநிதிகள் சபையிலே நிறுவனத்தின் நிதியை அடியோடு நிறுத்தவே முயற்சி நடந்தது. நிறுவனம் உயிர்தப்பியது, ஆனால் அதன் நிதியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு வெட்டப்பட்டது, வழிகாட்டி எழுதும் பணியையே அது கைவிட்டது. காப்புரிமை வேண்டாமென்ற றொன்ட்ஜனிடமிருந்து நூறாண்டுகளில் நாம் வந்துசேர்ந்த இடம் இது.

இவ்வாறு எழுதுவதால் நாம் கருவிகளுக்குப் பகைவர் எனக் கருதலாகாது. விஞ்ஞானத்தைப் பழித்துப் பழமைக்குத் திரும்பச் சொல்வோரின் கூட்டத்தில் நாம் இல்லை. புற்றுநோய், முள்ளந்தண்டுக் காசநோய் போன்ற தொற்று, என்பு முறிவு ஆகிய ஐயங்கள் எழும்போது படம் இன்றியமையாதது. சிறுநீர், மலம் அடக்கும் ஆற்றல் திடீரெனக் குன்றி, இருகால்களும் தளர்ந்து, இருக்கைப்புறம் மரத்துப்போகுமாயின் உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்; அங்கே காலந்தாழ்த்தாத எம். ஆர். ஐ. படமே ஒருவரை முடமாகாது காக்கும். சத்திரசிகிச்சை மேசையிலே சரியான முள்ளென்பை இனங்காணவும் திருகாணி நரம்பைத் துளைக்காது செல்லவும் படமே துணை. ஆயின் 'எங்கே வெட்டுவது' என்ற கேள்விக்கு விடைதரும் படம், 'வெட்டத்தான் வேண்டுமா' என்ற கேள்விக்கும் தானாக விடைதந்துவிடாது. இரண்டும் இரு கேள்விகள். மேலே கண்ட தவறுகளைத் திருத்தியதும் விஞ்ஞானமே என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. நோவற்றவனையும் படமெடுத்து எண்ணிப் பார்த்தவர்கள் விஞ்ஞானிகளே.

இன்னுமொன்று உண்டு. 2001இல் பிரித்தானியாவிலே குறைந்தது ஆறு வாரங்களாக நாரிநோவால் வருந்திய 421 பேரில் ஒரு சாராருக்கு எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்பட்டது, மறுசாராருக்கு எடுக்கப்படவில்லை. மூன்று மாதங்களின் பின் படமெடுக்கப்பட்டவர்களிடையே வலி உண்டென்றோர் கூடுதலாக இருந்தனர். ஆனால் பின்னர் விசாரித்தபோது, பராமரிப்பிலே திருப்தி கொண்டோரும் அவர்களே! இதனை மக்களின் அறியாமை என்று எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் அது முறையன்று. வலியைக் காட்டு என்று காலமெல்லாம் கேட்கப்பட்டவன், தன் வார்த்தையை நம்பாத உலகின்முன் நீட்டுவதற்கு ஒரு சான்று கிடைத்ததென ஆறுதலடைகிறான். புகைவண்டி விபத்துக்காரர் காலத்திலிருந்து அந்தக் கட்டளை மாறவில்லை.

படம் அவனுக்குச் சான்று தருகிறது. அதே வேளை அவனுடைய வலியைத் தட்டொன்றினுள் அடைத்தும் விடுகிறது. பாரந்தூக்கும் வேலை, குனிந்து நிமிரும் வேலை, ஓய்வின்மை, வேலை பறிபோகுமென்ற அச்சம், மனச்சோர்வு ஆகியனவும் நாரிநோ நீடிப்பதோடு தொடர்புற்றவை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இவற்றுள் எதுவும் எம். ஆர். ஐ. படத்தில் விழுவதில்லை. தேய்ந்த தட்டைப் பற்றிப் பேசும் அறிக்கை தேய்க்கும் வேலையைப் பற்றிப் பேசாது. தட்டைக் குற்றவாளியாக்கியதும் வேலைத்தலம் விடுதலை பெற்றுவிடுகிறது.

எமது நண்பருக்கு நாம் வைத்தியம் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எமக்கில்லை. வைத்தியரிடம் கேட்பதற்குச் சில கேள்விகளை மட்டும் இருவருமாகச் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். காலுக்கு வலி இறங்குகிறதா? படம் காட்டும் இடமும் வலிக்கும் இடமும் பொருந்துகின்றனவா? என் வயதில் நோவில்லாதவருக்கும் இப்படித்தான் இருக்குமா? வெட்டாமலிருந்தால் என்னவாகும்? முறையான பயிற்சியைச் செய்து பார்த்தோமா? அவர் தாளை மடித்து உறையினுள் படங்களோடு வைத்துக்கொண்டார். "டொக்ரர் கோவிக்க மாட்டாரோ?" என்று கேட்டார்.

கோவிக்காத வைத்தியர் பலர் உளர். ஆயினும் கேட்கவே அஞ்சும் நிலையில் எம்மவர் இருக்கின்றனர் என்பதுதான் எம்மை வருத்துகிறது. கேள்வி கேட்கக் கற்பிப்பது ஆசிரியர் தொழில். அதனைப் பாடசாலை மதிலுக்குள் மட்டும் செய்தாற் போதாது.